நேற்று எத்தனை நிமிடம் சாதகம் செய்தீர்கள்?

"தினமும் எவ்வளவு நேரம் சாதகம் பண்ணுவீங்க?" திருவனந்தபுரத்தில் எந்த இசைக் கலைஞரிடம் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. தன் குருவின் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத ஓர் எண்ணை அவர் சொல்வார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று அது பெரும்பாலும் முழு எண்ணாகவே இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நாள்தோறும் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறாரோ அதைச் சொல்கிறார். உங்களுக்கு வேண்டியதோ, நாள் உண்மையில் எப்படிப் போயிற்று என்பது.

புள்ளியியல் பட்டப்படிப்பில், "ஏதாவது ஒரு குழுவை எடுத்துக்கொண்டு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி அறிக்கை கொடுங்கள்" என்று ஒரு அசைன்மென்ட் வரும். பலர் அதைக் கைபேசிப் பயன்பாடு, கேன்டீன் சாப்பாடு என்று முடித்துவிடுகிறார்கள். இந்த ஊரில் படிக்கிறவர்கள் இசைக் கலைஞர்களின் பயிற்சிப் பழக்கத்தை எடுக்கலாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். 1939இல் தொடங்கிய இசை அகாதமி, பிறகு ஸ்ரீ சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியாகி, இன்றும் தைக்காட்டில் நடக்கிறது. அதன் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் வந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். இருவரும் தமிழர்கள். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், கரமனை, வலியசாலைப் பக்கம் வீட்டுக்கு வீடு பாட்டு டியூஷன், பாளையம் தேவாலயத்தில் பாடகர் குழு, கோயில்களில் செண்டை, மேடைகளில் கானமேளா என்று ஒரு சிறிய ஊருக்குள் இத்தனை விதமான இசை வாழ்க்கை இருக்கிறது. அளப்பதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கணக்கெடுப்புக்கும் இந்த ஊரில் வேர் உண்டு. 1936இல் பயோமெட்ரிக்கா இதழில் ஜினி சராசரி வேறுபாட்டின் திட்டப்பிழை பற்றி எழுதிய யு. எஸ். நாயர்தான் பிற்பாடு இங்கே பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையை வழிநடத்தினார். உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்துதான் 1998இல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு கிளம்பியது. வளைகுடாவுக்குப் போனவர்களைப் பற்றி நாம் இன்று சொல்லும் பல எண்கள், வீடு வீடாகக் கதவைத் தட்டிய அந்தக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்தவை. நீங்கள் செய்யப்போவதும் சிறிய அளவில் அதே வேலைதான். வேலைக்குப் போகும்போது காட்டக்கூடிய முதல் சரக்காக இதை நினைத்துச் செய்யுங்கள்.

எதைப் பயிற்சி என்று கணக்கில் எடுப்பது?

படிவம் தயாரிக்க உட்காரும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். பாதி வேலை இங்கேதான். வாய்ப்பாட்டு மாணவி ஒருத்தியின் நாளை நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் சுருதிப்பெட்டியைப் போட்டு அகார சாதகம், பிறகு மூன்று காலத்தில் வர்ணம். கல்லூரியில் வகுப்பு. பஸ்ஸில் வரும்போது காதில் ஒரு கச்சேரிப் பதிவு. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறாள். ராத்திரி சமையலறையில் வேலை செய்துகொண்டே ஒரு நிரவல் வரியை முணுமுணுக்கிறாள். இதில் எது பயிற்சி?

ஒருவர் ஐந்தையும் சேர்த்துச் சொல்வார். இன்னொருவர் முதலாவதை மட்டும் சொல்வார். இருவரையும் ஒரே பத்தியில் எழுதினால் நீங்கள் அளப்பது பயிற்சியை அல்ல, அவரவர் மனத்தில் இருக்கும் விளக்கத்தை. ஆகவே பயிற்சி என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். தனியாகச் செய்த சாதகம், குருவின் முன் வகுப்பு, சேர்ந்து செய்த ஒத்திகை, கச்சேரி, சொல்லிக்கொடுத்தது, கேட்டது என்று தனித்தனிக் கட்டம் போட்டு நிமிடங்களை வாங்குங்கள். எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று பிற்பாடு நீங்கள் தீர்மானிக்கலாம். பிரித்து வாங்கியதைக் கூட்ட முடியும். கூட்டி வாங்கியதைப் பிரிக்க வழியே இல்லை.

செண்டை, மிருதங்கக் கலைஞர்களிடம் இன்னும் கவனம் தேவை. செண்டை பழகுகிறவர்கள் வாத்தியத்தைத் தொடாமலே புளியங்கோலால் கல்லின் மீதோ பலகையின் மீதோ தட்டிச் சாதகம் செய்வதுண்டு. மிருதங்கக்காரர் வாயால் சொற்கட்டுச் சொல்லிப் பார்ப்பார். "எவ்வளவு நேரம் வாசித்தீர்கள்?" என்று கேட்டால் இவை இரண்டும் விழுந்துவிடும். அந்தந்த வாத்தியத்தைத் தெரிந்த ஒருவரிடம் படிவத்தைக் காட்டி, "எங்க ஆளுங்க செய்யறதுல ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேளுங்கள். கால் மணி நேரத்தில் படிவம் திருந்திவிடும்.

பழக்கத்தைக் கேட்காதீர்கள், நேற்றைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "வழக்கமாக", "பொதுவாக", "தினமும்" என்ற மூன்று சொற்களையும் படிவத்திலிருந்து நீக்கிவிடுங்கள். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியபோது, சமையலுக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து அன்று காலை 4 மணி வரையிலான 24 மணி நேரத்தை அரை மணி அரை மணியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மாதிரியில் வந்த வீடுகளில் ஆறு வயது நிரம்பிய ஒவ்வொருவரிடமும் அப்படித்தான்.

நீங்களும் அதையே செய்யலாம். "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து வரிசையா சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். எழுந்தது, காப்பி, குளியல், சாதகம், கல்லூரி என்று நாள் தானாக விரியும். அதில் சாதகம் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, தொடங்கிய மணியையும் முடித்த மணியையும் கேளுங்கள். "ஆறேகாலுக்கு ஆரம்பிச்சேன், ஏழுக்கு அம்மா கூப்பிட்டாங்க" என்று பதில் வரும். 45 நிமிடம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அதே ஆளிடம் தினசரிப் பழக்கம் என்ன என்று கேட்டிருந்தால் இந்த 45 நிமிடம் ஒரு மணி நேரமாக வளர்ந்திருக்கும்.

கடந்த காலத்தை நினைவிலிருந்து கேட்பதன் சிக்கலை உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்விலேயே பார்க்கலாம். ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட பெர்லின் ஆய்வில் வயலின்காரர்கள் மொத்தம் 30 பேர், மூன்று குழு, குழுவுக்குப் பத்துப் பேர். 18 வயதுக்குள் செய்த தனிப்பயிற்சியை அவர்களிடமே நினைவுகூரச் சொன்னார்கள். மிகச் சிறந்தவர்கள் என்று பேராசிரியர்கள் மதித்த குழுவின் சராசரி 7,410 மணி நேரம். அடுத்த குழு 5,301. இசையாசிரியர் ஆகப் படித்தவர்கள் 3,420. மால்கம் கிளாட்வெல் 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் பிரபலமாக்கிய "பத்தாயிரம் மணி நேரம்" இந்த ஆய்விலிருந்து கிளம்பியதுதான். 2019இல் புரூக் மெக்னமாராவும் மேகா மைத்ராவும் இதே போன்ற ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை பேட்டி எடுத்தவருக்கு, எதிரில் இருப்பவர் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். மிகச் சிறந்தவர்களுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே இருந்த இடைவெளி காணாமல் போயிற்று. 20 வயதுக்குள் இரு குழுவும் ஏறக்குறைய 11,000 மணி நேரம். மூன்றாவது குழு மட்டும் 6,000 அளவில் நின்றது.

இதில் உங்களுக்கு உடனே பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது: கேட்பவரின் எதிர்பார்ப்பு பதிலுக்குள் புகுந்துவிடலாம். உங்கள் குழுவில் இசைக் கல்லூரியில் தோழிகள் உள்ள ஒருத்தி இருந்தால், அனுமதி வாங்கவும் ஆட்களை அறிமுகம் செய்யவும் அவளை அனுப்புங்கள். கேள்வி கேட்க வேறொருவர் போகட்டும். யார் நன்றாகப் பாடுவார்கள் என்று தெரியாதவராக அவர் இருப்பது நல்லது.

ஒரு நாள் போதாது

நேற்றை மட்டும் கேட்பதில் ஒரு கண்ணி உண்டு. பல அறிக்கைகள் அதில்தான் விழுகின்றன. 60 பேரிடம் கேட்டீர்கள், 12 பேர் நேற்று ஒரு நிமிடம்கூடச் சாதகம் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே "20 சதவீத மாணவர்கள் பயிற்சி செய்வதே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். தவறு. அறுபது பேருமே ஐந்து நாளைக்கு ஒரு நாள் விடுமுறை எடுப்பவர்களாக இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு நாளில் 12 பேர் அளவில் பூச்சியம் வரத்தான் செய்யும். அல்லது 12 பேர் உண்மையிலேயே தொடாமல் இருக்கலாம், மீதி 48 பேர் ஒரு நாளும் தவறாதவர்களாக இருக்கலாம். ஒரே ஒரு நாளின் எண்கள் இந்த இரண்டு நிலைமைகளையும் பிரித்துக் காட்டாது. குழுவின் சராசரி நாளைப் பற்றி மட்டும் அது நியாயமாகப் பேசும். தனி ஆளின் பழக்கத்தைப் பற்றிப் பேசாது.

வழி எளிது. ஒவ்வொருவரிடமும் இரண்டு நாள் கேளுங்கள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல். முதல் பேட்டி நேரில், ஒரு வாரம் கழித்து இரண்டாவது தொலைபேசியில். இரண்டு நாளும் பூச்சியம் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே மேலே சொன்ன இரண்டு நிலைமைகளில் எது உங்களுடையது என்று ஓரளவு தெரியும். எல்லாரும் ஐந்தில் ஒரு நாள் விடுபவர்களாக இருந்தால் இரண்டு நாளும் பூச்சியம் சொல்பவர்கள் சராசரியாக இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பத்துப் பேர் இருந்தால் கதை வேறு. இந்த ஒரு அட்டவணையைப் போட்டுவிட்டீர்கள் என்றால் உங்கள் ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

கிழமையையும் கலையுங்கள். எல்லாரையும் திங்கட்கிழமை பிடித்தால், எல்லாரும் சொல்வது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே இருக்கும். யாருக்கு எந்தக் கிழமை என்று குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள். பருவத்தையும் பாருங்கள். நவராத்திரி மண்டபத்தில் முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று சுவாதித் திருநாளின் கிருதிகளுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே பாடப்போகிறவர் அதற்கு முந்தைய வாரங்களில் அந்த ராகத்திலேயே ஊறிக்கிடப்பார். அந்த வாரங்களில் எடுத்த கணக்கு ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனி உற்சவ நாட்களில் கோயில் வாத்தியக்காரர்களைத் தேடிப் போகாதீர்கள். ஆற்றுக்கால் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் ஊரில் எந்தக் கணக்கெடுப்பும் வேண்டாம்.

யாரிடம் கேட்பது

"திருவனந்தபுரத்து இசைக் கலைஞர்கள்" என்று தலைப்பு வைக்க ஆசையாக இருக்கும். அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் கிடையாது. பட்டியல் இல்லாத இடத்தில் சமவாய்ப்பு மாதிரி எடுக்க முடியாது. தலைப்பைச் சுருக்குங்கள்: ஓர் இசைக் கல்லூரியின் மாணவர்கள், அல்லது ஒரு தேவாலயப் பாடகர் குழு. உங்கள் துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்துடன் அந்தக் கல்லூரியின் முதல்வரைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டுப் பெயர்கள் கிடைத்தால், வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் குலுக்கி எடுங்கள். பாடப்புத்தகம் இதைப் படுகை மாதிரி என்று சொல்லும். வாய்ப்பாட்டுக்காரர்கள் கூட்டமாக இருந்து மிருதங்கம் நாலு பேர் மட்டும் இருந்தால், அந்த நாலு பேரையும் கேட்டுவிடுங்கள்.

கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது மட்டும் வேண்டாம். விடிகாலை எழுந்து சாதகம் செய்கிறவர் சந்தோஷமாக நிரப்புவார். ஒரு மாதமாகத் தம்புராவைத் தொடாதவர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அப்படி வரும் 200 பதில்களைவிடக் குலுக்கி எடுத்து நேரில் கேட்ட 60 பதில்கள் எவ்வளவோ மேல்.

60 போதுமா என்று கேட்பார்கள். நிமிடங்களின் திட்டவிலக்கம் 50 என்று முன்னோட்டத்தில் தெரிந்தால், 60 பேரின் சராசரிக்குத் திட்டப்பிழை சுமார் 6.5 நிமிடம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இருபுறமும் 13 நிமிடம். கல்லூரியில் மொத்தமே 240 பேர் என்றால், முழுத்தொகுதி சிறியது என்பதற்கான திருத்தத்தைப் போட்டுச் சுமார் 11 நிமிடமாகக் குறையும். படுகையாகப் பிரித்திருந்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் எடை போட்டுக் கணக்கிட வேண்டும். முதல் அளவீட்டுக்கு இது போதும். சராசரியைச் சொல்ல 60 தாங்கும். வீணைக்கும் வயலினுக்கும் பத்து நிமிட வித்தியாசம் இருக்கிறதா என்று சொல்லத் தாங்காது. அதை அறிக்கையில் நேராக எழுதுங்கள்.

முன்னோட்டம் என்றேன். ஐந்தாறு பேரிடம் படிவத்தை ஓட்டிப் பார்க்காமல் களத்தில் இறங்காதீர்கள். வங்காளத்தில் சணல் பரப்பளவை அளக்கப் போன புள்ளியியலாளர் மகாலனோபிஸ் முன்னோட்டக் கணக்கெடுப்பை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்தார். உங்களுக்கு ஒரு மாலை நேரம் போதும்.

களத்தில் நடந்துகொள்ளும் விதம்

குருவின் எதிரில் மாணவரிடம் கேட்காதீர்கள். தாயின் எதிரில் பிள்ளையிடமும் வேண்டாம். விடிகாலையில் போன் செய்யாதீர்கள், அது அவர்களுடைய சாதக நேரம். மாலை ஐந்துக்கு மேல் பலருக்கு டியூஷன். கல்லூரியில் சார், டீச்சர், செண்டை கற்பிப்பவரிடம் ஆசான், கரமனை வீட்டில் மாமா, மாமி. அந்தந்த இடத்தின் மரியாதையோடு பேசினால் பத்து நிமிடப் பேட்டி தானாக நடக்கும். படிவம் மலையாளத்தில் இருக்கட்டும். தமிழ் பேசும் வீடுகளில் தமிழில் கேளுங்கள், ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றாகவே இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

படிவத்தில் பெயர் வேண்டாம், எண் போதும். அட்டவணையிலும் கவனம் வேண்டும். மூன்றாம் ஆண்டு வீணையில் ஒரே ஒருத்தி இருந்து, "மூன்றாம் ஆண்டு, வீணை: 0 நிமிடம்" என்று நீங்கள் அச்சிட்டால் கல்லூரி முழுக்க யார் என்று தெரிந்துவிடும். அவள் உங்களை நம்பிச் சொன்ன விஷயம் அது. ஐந்து பேருக்குக் குறைந்த கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வேன். ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 17 பியானோ கலைஞர்கள் ஷோஸ்தகோவிச்சின் ஒரு சிறு பகுதியைப் பழகி, மறுநாள் வாசித்துக் காட்டினார்கள். எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பது மறுநாள் தரத்தோடு ஒட்டவில்லை. பிழை வந்த இடத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் ஒட்டியது. ஆகவே, "நேத்து ஒரு இடத்துல தப்பு வந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். நிறுத்தி, காலத்தைக் குறைத்து அந்த இடத்தை மட்டும் பாடினாரா, தொடக்கத்துக்குப் போனாரா, விட்டுவிட்டுத் தொடர்ந்தாரா? மூன்று கட்டம் போதும். நிமிடங்களைவிட இந்தப் பதில்தான் இசை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும்.

எண்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூச்சியங்களைத் தனியாகச் சொல்லுங்கள். மீதியில் சராசரியோடு இடைநிலையையும் கொடுங்கள். நாலு மணி நேரம் வாசித்த ஒருவர் சராசரியை இழுத்துவிடுவார், இடைநிலையை அசைக்க மாட்டார். 30, 60, 120 என்ற எண்களில் மட்டும் குவியல் தெரிந்தால் அந்தப் பேட்டிகளில் தொடங்கிய, முடித்த மணியைக் கேட்கவில்லை என்று அர்த்தம். வட்ட விளக்கப்படம் வேண்டாம்.

இது எந்த வேலைக்கு உதவும்

யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, எஸ்எஸ்சி பட்டதாரித் தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பதவி, மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பொதுச் சுகாதார ஆய்வுகள், டெக்னோபார்க்கின் தரவு வேலைகள் என்று திருவனந்தபுரத்தில் இருந்தபடியே எட்டக்கூடிய கதவுகள் பல. தகுதியும் வயதும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வுக்குப் பாடப்புத்தகம் போதும். நேர்முகத்தில், கள ஆய்வு வேலைகளில், "நீங்களே எடுத்த தரவு ஏதாவது உண்டா?" என்ற கேள்வி வந்தால் பெரும்பாலோர் இணையத்தில் இறக்கிய கோப்பைக் காட்டுகிறார்கள். நீங்கள் வேறு ஒன்றைக் காட்டலாம்.

சுயவிவரத்தில் "இசை மாணவர்கள் பற்றி ஆய்வு செய்தேன்" என்று எழுதாதீர்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து படுகை முறையில் எடுத்த மாதிரி, நபருக்கு இரண்டு நாள் நேரக் குறிப்பு, மறுத்தவர்களின் விகிதம், நம்பிக்கை இடைவெளி ஆகிய நான்கும் இரண்டு வரிக்குள் வரட்டும். மறுத்தவர்களை மறைக்காதீர்கள், அவர்களுக்குப் பதிலாகத் தோழர்களைச் சேர்க்காமல் விட்டீர்கள் என்பதே உங்களைப் பற்றி நல்லதாகப் பேசும். படிவத்தின் ஒரு பிரதி, பெயர்கள் நீக்கிய தரவுக் கோப்பு, ஒரு பக்க முடிவுகள் மூன்றையும் ஒரே உறையில் போட்டுவைத்து நேர்முகத்துக்கு எடுத்துப் போங்கள்.

அந்த ஒரு பக்க முடிவுகளின் இன்னொரு பிரதியை, மதிப்பெண் வரும்வரை காத்திருக்காமல், உங்களுக்குப் பதில் சொன்ன மாணவர்களின் அறிவிப்புப் பலகைக்கும் அவர்கள் முதல்வருக்கும் மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர்கள் அதே கல்லூரிக்கு அதே படிவத்தோடு போகும்போது கதவு திறந்திருக்கும். அப்போது இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் தரவும் கைக்கு வந்துவிடும்.